குழந்தைக்கு ஜீன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

பிறவிக் காது கேளாமைக்கான மரபணுப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஒரு மருத்துவ மரபியல் நிபுணரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வாசகி, திண்டுக்கல்: எங்கள் 14 மாதப் பெண் குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று, சத்தத்துக்குக் காது நரம்பு தரும் பதிலை அளக்கும் பெரா டெஸ்டில் தெரிந்தது. நான் தாய்மாமனைக் கல்யாணம் செய்தவள். என் அம்மாச்சிதான் எனக்கு மாமியார். “நம்ம வம்சத்துலயே இல்லாதது எப்படிப் பரம்பரை வியாதி ஆகும், எதுக்கு ஜீன் டெஸ்ட்?” என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: அம்மாச்சியின் சந்தேகம் நியாயமானது. ஆனால் யாருக்குமே இல்லாத வீட்டில் திடீரென்று ஒரு குழந்தைக்கு வருவதுதான் இந்த வகையின் இயல்பு. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் கேரியர். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். பிழை தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் நகரும். இரண்டு கேரியர்கள் சேரும்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4 இல் 1 வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு பிரதியும் பிழையாக அமைய.

உங்கள் கணவரின் அப்பா அம்மா உங்களுக்குத் தாத்தா பாட்டி. அவர்களில் ஒருவரிடம் இருந்த பிழை, மகனான உங்கள் கணவருக்கு நேராகவும், மகளான உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். தாய்மாமன் திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 8 இல் 1 பங்கு, ஒரே முன்னோரிடமிருந்து இரண்டு வழியாகவும் வந்து ஒன்று சேர்ந்தவை. மாமன் மகள், அத்தை மகன் உறவில் 16 இல் 1. இதைச் சொன்னவுடன் “சொந்தத்துல கட்டினதாலதான்” என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். திருமணம் பிழையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைச் சந்திக்க வைக்கிறது, அவ்வளவுதான். அந்நியத்தில் மணமுடித்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

எடுத்து என்ன பயன் என்றால், முதலில் வேறு உறுப்பு எதுவும் பாதிக்கப்படுமா என்று தெரியும். பரம்பரைக் காது கேளாமையில் சுமார் 30 சதவீதம் மற்ற உறுப்புகளையும் சேர்த்தே பாதிக்கும். அஷர் நோய்க்குறியில் பின்னாளில் மாலைக்கண் தொடங்கிப் பார்வை குறுகும். அதன் முதல் வகையில் குழந்தை 18 மாதம் கடந்தும் நடக்காமல் இருப்பதே முதல் தடயம். பென்ட்ரெட் நோய்க்குறியில் உள்காதின் ஒரு கால்வாய் அகன்றிருக்கும், வளர்ந்தபின் கழுத்தில் தைராய்டு வீங்கலாம், தலையில் அடிபட்டால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் சட்டென்று போகலாம். அந்தப் பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்காமல் இருப்பதற்காவது காரணம் தெரிய வேண்டும். அடுத்து, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி எந்த அளவு கைகொடுக்கும் என்று கணிக்கலாம். மூன்றாவது, அடுத்த குழந்தை பற்றிய கணக்கு.

எதில் ஆரம்பிப்பது? நம் நாட்டில் ஜிஜேபி2 என்ற ஒரே மரபணுவில். 13 ஆவது குரோமோசோமில் உள்ள இது கனெக்சின் 26 என்ற புரதத்தை உருவாக்குகிறது. உள்காதின் செல்களுக்கு நடுவே பொட்டாசியம் போய்வர மதகு போல நிற்பது அந்தப் புரதம். இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் பிழை டபிள்யூ24எக்ஸ், ரிப்போர்ட்டில் சி.71ஜி>ஏ என்று எழுதுவார்கள். 226 அமினோ அமிலம் நீளம் இருக்க வேண்டிய புரதம் 24 ஆவது இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஐரோப்பியர்களிடம் அதிகம் இருப்பது 35டெல்ஜி என்ற வேறு பிழை. அதை மட்டும் தேடும் வெளிநாட்டு கிட்டில் சோதித்துவிட்டு “ஜிஜேபி2 நார்மல்” என்று தரும் முடிவுக்கு நம் ஊரில் மதிப்பில்லை. மரபணு முழுவதையும் சேங்கர் முறையில் படிக்கச் சொல்லுங்கள். அதில் விடை கிடைக்காவிட்டால் காது கேளாமைக்கான பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனலோ, எல்லா மரபணுக்களிலும் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளைப் படிக்கும் எக்ஸோமோ எடுக்கலாம். குழந்தைக்கு வேறு அறிகுறிகளும் இருந்தால் நேராக எக்ஸோமுக்குப் போவதே மேல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ரிப்போர்ட் வரட்டும் என்று ஹியரிங் எய்டைத் தள்ளிப்போடாதீர்கள். 3 மாதத்துக்குள் நோயை உறுதி செய்து 6 மாதத்துக்குள் கருவி மாட்டுவதுதான் உலக அளவில் பின்பற்றும் கணக்கு. உங்கள் குழந்தை ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்பிளான்ட் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான். அதற்கான மனுவும் ஜீன் டெஸ்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

வாசகி, அறந்தாங்கி: பிறந்ததிலிருந்தே காது கேளாத 6 வயது மகன் ஓடி விளையாடும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டான். வலிப்பு என்று மாத்திரை கொடுக்கிறார்கள். இதற்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இசிஜி எடுக்கப் போங்கள். ஜெர்வெல் லாங்கே நீல்சன் என்ற நோய்க்குறி 1957 இல் நார்வேயில் விவரிக்கப்பட்டது. கேசிஎன்க்யூ1 அல்லது கேசிஎன்இ1 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் உள்காதும் இதயத்தின் மின்னோட்டமும் சேர்ந்து கெடும். ஓட்டம், பயம், நீச்சல் போன்ற நேரங்களில் இதயத்துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரும். கை கால் இழுப்பதால் வலிப்பு போலவே தெரியும், உயிருக்கும் ஆபத்து.

இசிஜியில் பார்க்க வேண்டியது க்யூடிசி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரம். 460 மில்லி செகண்டைத் தாண்டினால் சந்தேகம். இந்த நோயில் பெரும்பாலும் 500 ஐயும் தாண்டும். மெஷின் அச்சடித்துத் தரும் எண்ணை நம்பாமல், இரண்டாவது லீடில் கையால் அளந்து தரச் சொல்லுங்கள். உறுதியானால் பீட்டா பிளாக்கர் மாத்திரை, குழந்தை இதய மருத்துவரின் கண்காணிப்பு, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் இசிஜி. அசித்ரோமைசின், ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன் போன்ற சாதாரண மருந்துகளே க்யூடியை நீட்டிவிடும் என்பதால் இருமலுக்கும் வாந்திக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இரண்டு காதும் பிறவியிலேயே அறவே கேட்காத எந்தக் குழந்தைக்கும், குறிப்பாக இம்பிளான்ட்டுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், ஒரு இசிஜி கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஜீன் டெஸ்ட் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

வாசகர், நாகர்கோவில்: ரத்தம் எடுத்து அனுப்பி மூன்று வாரம் கழித்து “சாம்பிள் ரிஜெக்டட்” என்று சொல்லிவிட்டார்கள். திரும்பக் குழந்தையைக் குத்த வேண்டுமாம். ஏன் இப்படி ஆகிறது?

பதில்: பெரும்பாலும் டியூபில்தான் கோளாறு. டிஎன்ஏ சோதனைக்கு ஊதா மூடி போட்ட இடிடிஏ டியூப் வேண்டும். பச்சை மூடி டியூபில் உள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலையைத் தடுத்துவிடும். பெரியவர்களுக்கு 3 மில்லி, சின்னக் குழந்தைக்கு 1 முதல் 2 மில்லி போதும். எடுத்தவுடன் டியூபை மெதுவாக 8 அல்லது 10 தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் ரத்தம் கட்டியாகிவிடும். வெயில் காலத்தில் 2 முதல் 8 டிகிரியில் ஐஸ் பேக்கோடு அனுப்பலாம், ஆனால் ஐஸைத் தொடும்படி வைத்து உறையவிடக் கூடாது. வெறும் வயிறு அவசியமில்லை. எச்சில் சாம்பிள் என்றால் அதற்கு முன் அரை மணி நேரம் பால்கூடக் குடித்திருக்கக் கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் எத்தனை வாரம் கழித்து எடுப்பது என்று லேபிடம் முன்பே கேளுங்கள்.

இதைவிட மோசமானது லேபிள் மாறிப்போவது. அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் வரிசையாக ரத்தம் எடுக்கும்போது முன்கூட்டியே எழுதி வைத்த மூன்று ஸ்டிக்கரில் இரண்டு இடம் மாறிவிடும். ஊசியை உருவிய கையோடு, அந்த ஆளின் முன்னாலேயே பெயரும் பிறந்த தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். நீங்களே டியூபை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்ப்பதில் கூச்சம் எதற்கு?

ரத்தத்தோடு போகும் படிவத்தையும் காலியாக விடாதீர்கள். மூன்று தலைமுறைக் குடும்ப மரம், ஆடியோகிராம் அல்லது பெரா, இசிஜி முடிவு, எப்போது நடந்தான், ராத்திரியில் தடுமாறுகிறானா என்ற விவரமெல்லாம் இருந்தால்தான், எக்ஸோமில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எது முக்கியம் என்று லேபில் பிரிக்க முடியும். “ஹியரிங் லாஸ்” என்ற இரண்டே சொல்லோடு வரும் படிவத்துக்கு அரைகுறை ரிப்போர்ட்தான் வரும். ஒப்புதல் படிவத்தில், தேடாமல் கிடைக்கும் வேறு நோய்களின் தகவல், உதாரணமாகப் புற்றுநோய் அபாயம், உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம் இருக்கும். யோசித்து டிக் செய்யுங்கள். மூவர் மாதிரியும் சேரும்போது தந்தை யார் என்பதும் தற்செயலாக வெளிப்படலாம். அதை எப்படிக் கையாள்வார்கள் என்று கையெழுத்துக்கு முன் கேட்பது உங்கள் உரிமை.

வாசகி, மதுரை: மகனுக்கு “ஜிஜேபி2, சி.71ஜி>ஏ, ஹெட்டரோசைகஸ்” என்று வந்திருக்கிறது. இதுதான் காரணம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார்.

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் சரி, ஆனால் விசாரணை இங்கே முடியவில்லை. ஹெட்டரோசைகஸ் என்றால் ஒரு பிரதியில் மட்டும் பிழை. இந்தப் பிழை ஒன்றே ஒன்றாக இருந்தால் காது கெடாது. எனவே ஒன்று, இரண்டாவது பிழை கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. அல்லது மகன் தற்செயலாக இதில் கேரியர், உண்மையான காரணம் வேறு மரபணுவில் இருக்கிறது. இந்தப் பிழை நம்மிடையே பரவலாக இருப்பதால் இரண்டாவது சாத்தியத்தை ஒதுக்க முடியாது.

லேபிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மரபணுவின் முதல் பகுதியான எக்ஸான் 1 ஐப் படித்தீர்களா? புரதத்துக்கான குறிப்பு முழுவதும் எக்ஸான் 2 இல் இருப்பதால் பல லேப்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. எக்ஸான் 1 இன் விளிம்பில் சி.-23+1ஜி>ஏ என்ற பிழை உண்டு, இந்தியக் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் பேனல் அல்லது எக்ஸோம். துண்டாகவே காணாமல் போன பகுதிகளையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். குறிப்பாக மகனுக்குக் கேட்கும் குறை நடுத்தர அளவில் இருந்தால் எஸ்டிஆர்சி என்ற மரபணுவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே 99 சதவீதத்துக்கு மேல் ஒத்த போலி மரபணு ஒன்று இருப்பதால் எக்ஸோம் எது எதுவென்று குழம்பிவிடும். மரபணுப் பகுதிகள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று எண்ணும் எம்எல்பிஏ என்ற சோதனை தேவைப்படும்.

நாளைக்கு இரண்டு பிழைகள் கிடைத்தாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். இரண்டும் அம்மாவிடமிருந்தே ஒரே பிரதியில் வந்திருந்தால் மற்றப் பிரதி நல்லதாகவே இருக்கும். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று உறுதி செய்யத்தான் பெற்றோர் ரத்தம். “குழந்தைக்கு மட்டும் எடுத்தால் போதும், செலவு குறையும்” என்பார்கள். அந்தச் சிக்கனம் பிறகு இரட்டைச் செலவாகத் திரும்பி வரும்.

ரிப்போர்ட்டில் வியூஎஸ் என்று இருந்தால் அது நோயை உண்டாக்குமா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கப்படாத மாற்றம். அதை வைத்துக் கருவில் சோதனை செய்யவோ, உறவினர்களைக் கேரியர் என்று சொல்லவோ கூடாது. ஓரிரு வருடம் கழித்து மறு ஆய்வு கேட்கலாம். அதற்கு, கண்டறிந்த மாற்றங்களின் பட்டியல் இருக்கும் விசிஎஃப் என்ற கணினிக் கோப்பை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: எக்ஸோமில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் பரம்பரை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. 2016 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 1119 பேருக்கு விரிவான பேனல் செய்து 39 சதவீதத்தினருக்குத்தான் காரணம் கிடைத்தது. மற்றவர்களுக்குப் பரம்பரை இல்லை என்று பொருளல்ல. நீங்கள் நெருங்கிய உறவில் மணமுடித்தவர் என்றால், அடுத்த குழந்தைக்கு 4 இல் 1 வரை வாய்ப்பு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே ஆலோசகர் பேசுவார்.

கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் இன்னொரு முக்கியக் காரணம். ஆனால் பிறந்த 21 நாளுக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ பார்த்திருந்தால்தான் பிறவித் தொற்று என்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு வைரஸ் இருந்தாலும் அது பிறந்தபின் தொற்றியதாக இருக்கலாம். பிறந்த குழந்தை, உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை அளக்கும் ஓஏஇ சோதனையில் தவறினால் அந்த வாரமே இதைக் கேளுங்கள். இப்போது கர்ப்பமாக இருக்கும் உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வாசகர், சேலம்: என் அம்மாவின் அம்மாவுக்கு டிபி ஊசி போட்டபின் காது போனது. மாமாவுக்குக் காய்ச்சலுக்கு ஏதோ ஊசி போட்டபின் போனது. இது பரம்பரையா, ஊசியா?

பதில்: இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். எம்டி-ஆர்என்ஆர்1 மரபணுவில் எம்.1555ஏ>ஜி என்ற மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், கானமைசின், அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் வழக்கமான அளவிலேயே நிரந்தரமாகக் காதைக் கெடுத்துவிடலாம். 1993 இல் கண்டுபிடித்தார்கள். இது மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய் வழியாக மட்டுமே போகும். உங்கள் அம்மா, அவருடைய உடன்பிறந்தவர்கள், நீங்கள், உங்கள் உடன்பிறந்தவர்கள், உங்கள் சகோதரியின் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். உங்கள் பிள்ளைகள் வர மாட்டார்கள், மாமா பிள்ளைகளும் வர மாட்டார்கள். பாட்டியோ மாமாவோ உயிரோடு இருந்தால் அவர்களில் ஒருவருக்கு முதலில் சோதியுங்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்கு.

உறுதியானால் அந்தப் பெயர்களை எழுதிய ஒரு சீட்டைத் தாய் வழி உறவினர் எல்லோரும் ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். உயிர் போகும் நிலையில் வேறு வழியே இல்லையென்றால் மருத்துவர் இதே ஊசியைப் போட நேரலாம். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவி 26 நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவியைச் சோதித்து 2022 இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம்.

வாசகி, ஈரோடு: முதல் குழந்தைக்குக் காது கேட்காது. டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. இப்போது 9 வாரக் கர்ப்பம். வயிற்றில் இருப்பதைச் சோதிக்க முடியுமா?

பதில்: முதல் குழந்தையின் பிழை எதுவென்று தெரிந்தால் மட்டுமே முடியும். ஸ்கேனில் காது மடல் தெரியும், கேட்குமா என்பது தெரியாது. எனவே இன்றே முதல் குழந்தைக்கும் உங்கள் இருவருக்கும் ரத்தம் கொடுத்து, படிவத்தில் “கர்ப்பம் தொடர்கிறது, 9 வாரம்” என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். லேப் முன்னுரிமை தரும். ஜிஜேபி2 விலேயே விடை கிடைத்தால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். எக்ஸோம் தேவைப்பட்டால் ரிப்போர்ட் வர 4 முதல் 6 வாரம் ஆகும். அப்போதும் 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் பார்க்க நேரமிருக்கும். இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிது உண்டு. கைதேர்ந்தவர்கள் செய்தால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தாயின் செல் கலந்துவிட்டால் முடிவு தப்பாகும் என்பதால் உங்கள் ரத்தத்தையும் கூடவே அனுப்ப வேண்டும்.

கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் இதைச் செய்யலாம், படிவம் ஜி யில் உங்கள் கையெழுத்து வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. முடிவு தெரிந்தபின் என்ன செய்வது என்பதை நீங்களும் கணவரும் ஊசி போடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் பெற்றுக்கொள்வோம் என்பது உங்கள் முடிவானால் வயிற்றில் ஊசியே தேவையில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்து, மூன்று மாதத்துக்குள் கருவி மாட்டிவிடலாம்.

வாசகர், திருச்சி: நானும் என் வருங்கால மனைவியும் காது கேளாதவர்கள். பிள்ளை எப்படிப் பிறந்தாலும் எங்களுக்குச் சம்மதம். வீட்டில்தான் டெஸ்ட் எடு என்கிறார்கள்.

பதில்: எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அந்த முடிவு உங்கள் இருவருடையது. விருப்பப்பட்டு எடுத்து, இருவருக்கும் காரணம் தெரிந்துவிட்டால் விடை தெளிவாக இருக்கும். இருவருக்கும் ஒரே மரபணுவில் இரண்டு பிரதியும் பழுது என்றால் பிள்ளைகள் எல்லோரும் காது கேளாதவர்களாகவே பிறப்பார்கள். வேறு வேறு மரபணு என்றால் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் கேரியராக இருப்பார்கள். ஒருவருக்கு, ஒரே பிரதி கெட்டாலே காதைக் கெடுக்கும் ஓங்கு வகை என்றால் பாதிக்குப் பாதி. ஆலோசனைக்குப் போகும்போது சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கூட வரும் அண்ணனோ சித்தப்பாவோ அந்த வேலையைச் செய்தால், மருத்துவர் சொன்னதில் பாதியும் அவர்கள் கருத்தில் பாதியும்தான் உங்களுக்கு வந்து சேரும்.

வாசகி, சென்னை: காது கேளாமைக்கு ஜீன் சிகிச்சை வந்துவிட்டதாமே?

பதில்: ஓடோஃப் என்ற ஒரே மரபணுவுக்குத்தான் மனிதர்களிடம் பலன் காட்டியிருக்கிறார்கள். ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு குழந்தைகளிடம் செய்த சோதனையின் முடிவு 2024 இல் வெளியானது. அந்த மரபணு, அதைச் சுமந்து செல்லும் வைரஸில் அடங்காத நீளம் என்பதால் இரண்டு துண்டாக்கி, இரண்டு வைரஸில் ஏற்றி உள்காதில் செலுத்தினார்கள். ஜிஜேபி2 குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அதற்காகக் காத்திருந்து இம்பிளான்ட்டைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

ஓடோஃப் பழுதுக்கு ஒரு அடையாளம் உண்டு: ஓஏஇ சோதனையில் தேறிய குழந்தை பெராவில் தேறாது. ஓஏஇ மட்டும் பார்த்து “காது நன்றாக இருக்கிறது” என்று அனுப்பப்படும் குழந்தைகள் இவர்கள்தான். வயது ஏற ஏற ஓஏஇயும் மறைந்துவிடும் என்பதால், பிறந்த சமயத்தில் எடுத்த அந்தப் பழைய சீட்டு இருந்தால் மரபியல் மருத்துவரிடம் மறக்காமல் எடுத்துப் போங்கள்.